கொள்ளுத்தாத்தாவின் நிலத்தை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

பட்டாவில் அப்பா பெயருக்கு மேல் எதுவும் இல்லை என்கிறீர்கள். இருக்காது. பெயரைத் தேடாதீர்கள், புல எண்ணை (சர்வே எண்) பிடியுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில், கிராம நிலங்களைப் புல எண் வாரியாகப் பட்டியலிடும் அ-பதிவேட்டில், 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யூடிஆர் திட்டத்துக்கு முந்தைய பழைய எண்ணும் இருக்கும். அதை வைத்து மாவட்டப் பதிவறையிலோ, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ அந்தக் கிராமத்தின் செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணய) பதிவேட்டைக் கேளுங்கள். கிராம வரைபட நகலும் வாங்குங்கள். குளம், வாய்க்கால், பாதையைப் பார்த்தாலே ஊர்ப் பெரியவர்கள் யார் காடு என்று சொல்லிவிடுவார்கள்.

இனாம் நிலம், அதாவது அந்தக் காலத்தில் மானியமாகக் கொடுத்த நிலம் என்றால் யோகம்தான்! 1860களின் இனாம் பதிவேட்டில் அப்போதைய அனுபவதாரர் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதுவரை எழுதியிருப்பார்கள். வில்லங்கச் சான்று அப்புறம் போடலாம், அது விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை போன்ற பதிவான பத்திரங்களைத்தான் காட்டும்.