பழைய ரொட்டவேற்றர் வாங்குவதும் பேணுவதும்: வன்னி விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

காலபோக (மாரிப் பருவ) உழவு தொடங்குவதற்கு முந்திய வாரங்களில் கைமாறும் ரொட்டவேற்றர்களில், அதாவது உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிச் சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவிகளில், பெரும்பகுதி பழையவை. கிளிநொச்சியில் நீண்ட காலமாக உழவு இயந்திரங்களைத் திருத்தி வருபவன் என்ற வகையில், அவற்றைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

ஒட்டுசுட்டான்: ஐயா, ஐந்தடி ரொட்டவேற்றர் ஒன்று விலைக்கு வந்துள்ளது. புதிதாகப் பெயின்ற் அடிக்கப்பட்டிருக்கிறது, கத்திகளும் புதியவை. வாங்கலாமா?

தம்பி, புதிய பெயின்றும் புதிய கத்தியும் நல்ல இயந்திரத்துக்கு அடையாளமல்ல. கத்தி எப்படியும் தேய்ந்து மாற்றப்படும் பொருள். காசு கரைவது நடுவிலுள்ள கியர் பெட்டியிலும், அங்கிருந்து கத்தி உருளைக்கு ஓட்டத்தைக் கடத்தும் பக்கப் பெட்டியிலும்தான். ஆகவே, இயந்திரம் ஓடாமல் ஓர் இரவாவது நின்றிருக்கும் நிலையில், காலையில் சென்று, முதலில் இரண்டு பெட்டிகளின் அடியிலுள்ள வடிகால் ஆணிகளையும் சற்றே தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தால் அது அடியில் தங்கியிருக்கும். ஒயிலுக்கு முன்னர் அதுவே சொட்டும். ஒயில் பால் கலந்த தேநீரைப் போல இருந்தால், சேற்றுத் தண்ணீர் ஒயில் சீலை (ஒயில் ஒழுகாமல் தடுக்கும் வளையத்தை) தாண்டிப் புகுந்து ஒயிலுடன் கடையப்பட்டிருக்கிறது என்று பொருள். விரல்களுக்கிடையே தேய்க்கும்போது சாம்பல் நிற மெல்லிய பசை தெரிந்தால் அது வழமையான தேய்மானம். மின்னும் செதில்களோ துண்டுகளோ வந்தால் கியரின் பல்லோ பெயாரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது. பழைய இயந்திரத்தில் அன்றுதான் ஊற்றியது போன்ற தெளிந்த ஒயில் இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

அடுத்ததாக, இயந்திரத்தை உயர்த்தி மரக்குற்றிகளின் மேல் இருத்தி, உழவு இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னர், கத்திகள் பூட்டப்பட்ட உருளையின் கீழ் அலவாங்கைக் கொடுத்து இரு முனைகளிலும் மேலே நெம்புங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அந்தப் பக்கத்துப் பெயாரிங் முடிந்துவிட்டது. உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றி, உடற்சட்டத்தில் ஒரு புள்ளியைக் குறியாக வைத்துப் பார்த்தால் குழாய் வளைந்திருப்பதும் தெரிந்துவிடும். வளைந்த உருளை எந்தப் புதிய பெயாரிங்கையும் ஒரே போகத்தில் தின்றுவிடும்.

பக்கப் பெட்டியின் அடிப்பகுதியைத் தடவிப் பார்க்கவும் மறவாதீர்கள். அதன் கீழுள்ள சறுக்குத் தகடு தேய்ந்த பின்னரும் ஓட்டியிருந்தால், பெட்டியே மண்ணில் உரசி மெலிந்திருக்கும். உழவு இயந்திரத்துடன் பூட்டும் மூன்று புள்ளி இணைப்பைத் தாங்கும் கொம்புகளின் அடியில் பெயின்றுக்குக் கீழே ஒட்டு (வெல்டிங்) வைத்த தடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நானே ஒருமுறை அந்தத் தடிப்பைக் கவனியாமல் வாங்கி, இரண்டாம் நாளே வயலின் நடுவில் இயந்திரத்தை இரண்டாகப் பார்த்தவன்.

ஒட்டுசுட்டான் (அதே நண்பர்): விற்பவர் பூட்டி ஓட்டிப் பார்க்க இணங்கவில்லையே?

அப்படியானால் வாங்க வேண்டாம். கால் மணி நேரம் ஓட்டி நிறுத்திய பின் பெயாரிங் இருக்கும் இடங்களைக் கையால் தொட்டு, ஓரிடம் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுடுகிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்கும் வழக்கம் எனக்கில்லை.

முருங்கன்: சேற்றுழவுதான் எங்களுக்கு அதிகம். ஒரே போகத்தில் மூன்று தடவை ஒயில் சீல் மாற்றிவிட்டேன், மறுபடியும் ஒழுகுகிறது. தரமற்ற சீலா?

சீல் மீது பழி போடுவதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, கியர் பெட்டியின் மேலுள்ள மூச்சுத் துளை. ஓட்டத்தில் ஒயில் சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து அந்தத் துளை வழியே வெளியேற வேண்டும். உங்கள் பகுதியின் கரிய களிமண் காய்ந்து அதை அடைத்துவிட்டால், அழுத்தம் வேறு வழியின்றிச் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஒயிலுடன் வெளியே வரும். மாலையில் இயந்திரம் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, அதே சீலின் வழியாகச் சேற்றுத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இதனால் எத்தனை சீல் மாற்றினாலும் பயனில்லை. ஒரு கம்பியால் துளையைச் சுத்தம் செய்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது, சீலினுள் சுழலும் தண்டான சாப்ட்டின் மேற்பரப்பு. பழைய சீல் நெடுங்காலம் உரசிய இடத்தில் நகம் மாட்டுமளவுக்குப் பள்ளம் இருந்தால், புதிய சீல் அதே பள்ளத்தில்தான் அமரும். சீலைச் சற்று உள்ளே அல்லது வெளியே தள்ளி இருத்த இடமிருந்தால் அப்படிச் செய்யலாம். இல்லையேல் லேத் பட்டறையில் அந்த இடத்துக்கு மெல்லிய உறை போட வேண்டும். மூன்றாவது, உருளை முனையில் சுற்றியிருக்கும் வைக்கல், நைலோன் கயிறு, கம்பி. இவை வெளியிலிருந்து பார்க்கும்போது சும்மா சுற்றியிருப்பது போலத் தோன்றினாலும், இறுகி இறுகி உள்ளே நகர்ந்து சீலை அறுத்துவிடும்.

ஒயிலின் அளவும் பக்கத்திலுள்ள மட்ட ஆணியின் துளைக்கு வந்தால் போதும். ஒழுகுகிறதே என்று கூடுதலாக ஊற்றுபவர்கள் சூட்டையும் ஒழுக்கையும் கூட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு 90 ஆம் இலக்கக் கியர் ஒயில் பொருந்தும். சில தயாரிப்புகள் 140 கேட்கும். சேற்றுழவு செய்பவர்கள் ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் ஒயிலை மாற்றிவிடுவது நல்லது.

விசுவமடு: தேய்ந்த கத்திகளுக்கு ஒட்டு வைத்து நீட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம். கத்தி சூடேற்றித் துவைச்சல் கொடுத்து உறுதியாக்கப்பட்ட உருக்கு. சாதாரண ஒட்டுக்குச்சியின் சூட்டில் அந்தத் துவைச்சல் கெட்டு, ஒட்டுக்குப் பக்கத்திலேயே உடையும். உடைந்த துண்டு பறக்கும். அகலம் அரைவாசியாகத் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். ஒன்றை மாற்றும்போது அதற்கு நேரெதிரே உள்ளதையும் மாற்றாவிட்டால் உருளையின் சமநிலை கெடும். உருளையில் கத்திகளைப் பூட்டும் ஒரு வளையத்துக்கு ஆறு கத்தி என்றால் மூன்று இடக்கை (இடப்பக்கம் வளைந்தவை), மூன்று வலக்கை. இரு கடைசி வளையங்களில் மட்டும் எல்லாக் கத்திகளின் வளைவும் உட்பக்கம் நோக்கியே இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் சுண்ணக்கட்டியால் குறியிட்டுக்கொள்ளுங்கள். கூர் விளிம்பு சுழலும் திசைக்கு முன்னே போக வேண்டும் என்பதை மறந்து பூட்டி, மண்ணைக் கத்தியின் முதுகால் அடித்துக்கொண்டு, டீசல் குடிக்கிறது என்று என்னிடம் வந்தவர்கள் பலர். முதல் ஓரிரு மணி நேர உழவுக்குப் பின் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள்.

துணுக்காய்: உழவு இயந்திரத்திலிருந்து ஓட்டத்தைக் கொண்டுவரும் பீ.ரீ.ஓ. சாப்ட்டின் குறொஸ் (சிலுவை வடிவ மூட்டு) அடிக்கடி உடைகிறது, ஐயா.

வரம்பில் திரும்பும்போது என்ன செய்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். சுழற்சியை நிறுத்தாமல் இயந்திரத்தை உச்சிக்குத் தூக்கினால், சாப்ட் பெரிய கோணத்தில் மடங்கியபடி நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும். எந்தக் குறொஸும் அதைத் தாங்காது. கத்திகள் மண்ணைவிட்டு நீங்குமளவு மட்டும் தூக்குங்கள். வரம்பு தாண்டும்போது பீ.ரீ.ஓ.வைக் கட்டாயம் விடுவியுங்கள். சாப்ட்டைக் கழற்றிப் பூட்டியபோது இரு முனைகளின் கவைகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்தனவா என்பதையும் பாருங்கள். ஒன்று திரும்பியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டம் கூடிக் குறைந்து நடுக்கம் எடுக்கும். குறொஸுக்கு நாள்தோறும் கிறீஸ் வேண்டும்.

வெட்டு ஆணி உடைகிறது என்பதற்காகக் கட்டடக் கம்பித் துண்டைச் செருகும் பழக்கம் உங்கள் பக்கத்திலும் இருக்கிறது. அந்த ஆணி உடைவதற்கென்றே செய்யப்பட்டது. அது உடையாவிட்டால் கியர் உடையும். ஆணிக்குப் பதிலாக வழுக்குக் கிளச் உள்ள இயந்திரமானால், மாதக்கணக்கில் நின்ற பின் அதன் தட்டுகள் துருவால் ஒட்டியிருக்கும். சுருள்வில் நட்டுகளின் சுற்றுகளை எண்ணித் தளர்த்தி, ஒருமுறை வழுக்கவிட்டு, அதே எண்ணிக்கைக்கு இறுக்குங்கள்.

நெடுங்கேணி: மசி பேர்குசன் 240 உழவு இயந்திரத்துக்கு ஆறடி ரொட்டவேற்றர் பொருந்துமா?

மென்மையான மண்ணில் இழுக்கும். புழுதி விதைப்புக்கு முந்திய காய்ந்த தரையில் திணறும். ஐந்தடியே போதும். பின் ரயர்களின் வெளி அகலத்தை அளந்து, ரயர்த்தடம் ஒரு பக்கமாவது உழுபடும்படி இயந்திரத்தைப் பக்கவாட்டில் நகர்த்திப் பூட்டுங்கள்.

புதுக்குடியிருப்பு: அண்ணை, கணவர் இல்லாத குடும்பம் எங்களுடையது. இயந்திரத்தைச் சாரதி ஒருவரிடம் கொடுத்து வாடகைக்கு ஓட்டுவிக்கிறேன். அவர் கொண்டுவந்து விடும்போது நான் எதைப் பார்க்க வேண்டும்?

தங்கச்சி, நிறுத்திய இயந்திரத்தில் ஒரு சிறு சுத்தியலால் ஒவ்வொரு கத்தியையும் தட்டுங்கள். இறுகிய கத்தி மணி போல ஒலிக்கும்; தளர்ந்தது மொட்டையாகச் சத்தமிடும். பெட்டிகளின் கீழே மண் ஒயிலில் நனைந்திருக்கிறதா, கிறீஸ் நிப்பிளில் புதிய கிறீஸ் தெரிகிறதா, உருளை முனையில் கம்பி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றிய கம்பியை அவரைக் கொண்டே, அவர் புறப்படுவதற்கு முன் வெட்டுவியுங்கள். நம் காணிகளில் பழைய முட்கம்பி இன்னும் புதைந்து கிடக்கிறது. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத நிலத்தில் எவ்வளவு வாடகை தந்தாலும் இறக்க விடாதீர்கள். உழும்போது சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல் நிறுத்தி அறிவிக்கும்படி சாரதியிடம் முன்னரே சொல்லிவையுங்கள்.

பூநகரி: சிறுபோகம் இல்லாததால் எங்கள் இயந்திரம் பல மாதம் சும்மா நிற்கிறது. கடற்காற்றும் உண்டு.

கழுவி, நன்றாகக் காயவிட்டு, கத்திகளுக்கும் உருளைக்கும் கழிவொயில் பூசுங்கள். தண்ணீரை அழுத்தத்துடன் சீலின் மீது பீச்ச வேண்டாம். நிறுத்துவதற்கு முன்னரே பழைய ஒயிலை வடித்துப் புதியதை ஊற்றிவிடுங்கள். தண்ணீர் கலந்த ஒயிலில் மாதக்கணக்கில் நிற்கும் பெயாரிங் ஓடாமலேயே துருப்பிடிக்கும். கத்திகள் மண்ணில் பதியாதபடி பலகையின் மேல் நிறுத்தி, மாதம் ஒருமுறை உருளையைக் கையால் சில சுற்றுகள் சுற்றிவிடுங்கள்.