அபுனைவு நூலை எழுதியவரை நம்பலாமா என்று எப்படித் தீர்மானிக்கிறேன்

ஓர் அபுனைவு நூலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் ஆசிரியர் நம்பத்தகுந்தவர்தானா என்பதை எப்படி அறிவது என்றும், அந்தத் துறையில் பட்டம் பெறாதவர்கள் எழுதியவற்றைத் தவிர்த்துவிட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு வேண்டியதில்லை என்பதே என் பதில். முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில், நான் ஒருமுறை ஏமாந்ததிலிருந்து கற்றுக்கொண்டது என்பதால் அந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பழக்கங்களை உருவாக்கிக்கொள்வது பற்றிய ஒரு நூலை வாங்கினேன். எந்தச் செயலையும் 21 நாட்கள் விடாமல் செய்தால் அது பழக்கமாகிவிடும் என்று ஆய்வுகள் நிரூபித்திருப்பதாக அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியின் இறுதியில் ஒரு பின்குறிப்பு எண்ணும் இருந்தது. எண் இருந்ததாலேயே நம்பிவிட்டேன். அதிகாலையில் எழுந்து ஒரு மணி நேரம் எழுதுவது என்று முடிவு செய்து, நாட்காட்டியில் குறித்து வைத்து, ஒரு நாளும் தவறாமல் 21 நாட்களைக் கடந்தேன். இருபத்திரண்டாம் நாள் காலையில் அலாரம் அடித்தபோது எழுவது முதல் நாளைப் போலவே கடினமாக இருந்தது. ஆய்வுகளே நிரூபித்த ஒன்று என்னிடம் மட்டும் பலிக்கவில்லை என்றால் குறை என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, அந்த முயற்சியை அப்படியே கைவிட்டேன்.

பல மாதங்கள் கழித்துத்தான் அந்தப் பின்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். அது எந்த ஆய்வுக் கட்டுரையையும் காட்டவில்லை. வேறொரு தன்னம்பிக்கை நூலைக் காட்டியது. அந்த நூலை நூலகத்தில் தேடி எடுத்தால், அதுவும் தனக்கு முந்தைய இன்னொரு நூலைக் காட்டியது. அப்படியே பின்னோக்கிப் போய், 1960இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் எழுதிய நூலில் போய் நின்றேன். முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகிக்கொள்ளக் குறைந்தபட்சம் ஏறத்தாழ 21 நாட்களாவது ஆகிறது என்று, தம் நோயாளிகளைப் பார்த்த அனுபவத்திலிருந்து அவர் எழுதியிருக்கிறார். ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குப் போகும் வழியில் ‘குறைந்தபட்சம்’ உதிர்ந்துவிட்டது, ‘ஏறத்தாழ’ உதிர்ந்துவிட்டது, ஒரு மருத்துவரின் கவனிப்பு ‘ஆய்வு’ ஆகிவிட்டது.

உண்மையான ஆய்வு ஒன்றும் இருக்கவே செய்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து, 2010இல் அச்சான தங்கள் கட்டுரையில், ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்ட எடுத்துக்கொள்ளும் காலத்தின் நடுமதிப்பு 66 நாட்கள் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். 12 வாரம் என்பது 84 நாட்கள்தானே, அப்படியானால் 254 எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டால், அது மிகச் சரியான கேள்வி. அது கிடைத்த தரவின் போக்கை முன்னோக்கி நீட்டிக் கணித்த எண் என்பதையும் அந்தக் கட்டுரை மறைக்கவில்லை. இடையில் ஒரு நாள் தவறவிட்டால் பெரிய பாதிப்பு இல்லை என்ற முடிவும் அதில் இருந்தது. அதை மட்டும் அன்று நான் அறிந்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும்!

இதற்குப் பிறகு நான் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். நூலின் வாதம் எந்தக் கூற்றின் மீது நிற்கிறதோ அந்தக் கூற்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கான பின்குறிப்பை மூலம் வரை தேடிப் போகிறேன். எல்லாக் குறிப்புகளையும் சரிபார்க்க யாராலும் முடியாது. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளை முழுமையாகப் படிக்கக் கட்டணம் கேட்டாலும் அவற்றின் சுருக்கம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நூல் ‘மனிதர்கள்’ என்று சொல்லும் இடத்தில் கட்டுரை எலிகளைப் பற்றிப் பேசுகிறதா, ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தியதைப் போன்ற தொனியில் எழுதப்பட்ட சோதனையில் உண்மையில் இருபது கல்லூரி மாணவர்கள் மட்டுமே இருந்தார்களா, ‘தொடர்பு இருக்கிறது’ என்று கட்டுரை சொன்னதை நூல் ‘காரணமாகிறது’ என்று மாற்றிவிட்டதா என்பதை அந்தச் சுருக்கமே பல வேளைகளில் காட்டிக்கொடுத்துவிடும். தேடிய ஒரு குறிப்பு சரியாக இருந்தால் நூல் முழுவதும் சரி என்று ஆகிவிடாது. ஆனால் முக்கியமான கூற்றிலேயே மூலமும் நூலும் ஒத்துப்போகவில்லை என்றால், மீதியையும் அதே எச்சரிக்கையுடன்தான் படிக்க வேண்டியிருக்கும்.

இனி பட்டத்துக்கு வருகிறேன். லைனஸ் பாலிங் 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் பரிசு பெற்றவர். இரண்டையும் வேறு யாருடனும் பகிர்ந்துகொள்ளாமல் தனியாகப் பெற்றவர். அவரை விடக் கற்றவர் ஒருவரைக் காட்டுவது அரிது. அவரே 1970இல், வைட்டமின் சி-யை அதிக அளவில் எடுத்துக்கொண்டால் சளியைத் தடுக்கலாம் என்று ஒரு நூல் எழுதினார். அது பெரும் வரவேற்பையும் பெற்றது. பிற்காலத்தில் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாள்தோறும் வைட்டமின் சி எடுத்துக்கொள்வது சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பதைத் தடுப்பதில்லை என்றும், வந்த சளி நீடிக்கும் காலத்தைப் பெரியவர்களிடம் 8 சதவீத அளவுக்கு மட்டுமே குறைக்கிறது என்றும் தெரியவந்தது. வேதிப் பிணைப்பைப் பற்றி அவர் எழுதியதை நம்புவதற்கான காரணம், சளியைப் பற்றி எழுதியதை நம்புவதற்கான காரணம் ஆகாது. ஆகவே பின்னட்டையில் முனைவர் என்றோ பேராசிரியர் என்றோ பார்த்தால், எதில் முனைவர், எதில் பேராசிரியர் என்று தேடுகிறேன்.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்க நகரங்களின் திட்டமிடலைக் கடுமையாக விமர்சித்து 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் எழுதிய நூல், நகரத் திட்டமிடல் படிப்பவர்களுக்கு இன்றும் அடிப்படை நூல்களில் ஒன்று. அவரிடம் கல்லூரிப் பட்டமே இல்லை. கட்டடக்கலை இதழ் ஒன்றில் ஆண்டுக்கணக்கில் பணிபுரிந்தவர். நடைபாதைகளையும் கடை வாசல்களையும் நேரில் நின்று பார்த்து, பார்த்ததை வாசகர் சோதித்துப் பார்க்கக்கூடிய வகையில் எழுதியவர். பத்திரிகையாளர்கள் எழுதும் நூல்களை இந்த அளவுகோலாலேயே மதிப்பிடுகிறேன்: எத்தனை ஆண்டுகள் இந்தப் பொருளில் இருந்தார், யாரையெல்லாம் சந்தித்தார், எந்த ஆவணங்களைப் பார்த்தார் என்பதை அவர் சொல்கிறாரா என்று பார்க்கிறேன். சொல்கிறவரைப் பட்டம் இல்லை என்பதற்காக ஒதுக்குவது நமக்குத்தான் இழப்பு.

நான் பெரிதும் மதிப்பது இன்னொன்று உண்டு. தம் கருத்துக்கு எதிரானவற்றை ஆசிரியர் எப்படிக் கையாளுகிறார் என்பதுதான் அது. டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் ஆறாம் அத்தியாயம் முழுவதையும் தம் கோட்பாட்டுக்கு எதிராக எழக்கூடிய இடர்ப்பாடுகளுக்கே ஒதுக்கியிருக்கிறார். கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படிப் படிப்படியாக உருவாகியிருக்க முடியும் என்ற கேள்வியை எதிராளி கேட்பதற்கு முன்பே அவரே எழுப்பி, அதன் முழு வலுவையும் ஒப்புக்கொண்டு, பிறகே பதில் சொல்கிறார். எதிர்வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே சொல்லிவிட்டுப் பதில் தருகிறவரிடம் எனக்கு மதிப்பு கூடுகிறது. எதிர்க் கருத்துள்ளவர்கள் எல்லோரும் அறியாதவர்கள் அல்லது விலைபோனவர்கள் என்று எழுதுகிறவரின் நூலை மூடிவிடுகிறேன்.

தவறை ஒப்புக்கொள்வதும் இதோடு சேர்ந்ததுதான். டேனியல் கானமன் 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். வேகமாகவும் நிதானமாகவும் சிந்திப்பது பற்றி 2011இல் அவர் எழுதிய நூலை உலகெங்கும் படிக்கிறார்கள். சில சொற்களைக் கண்ணில் படவைத்தாலே மனிதர்களின் நடத்தை மாறிவிடுகிறது என்று காட்டிய சோதனைகளை அதில் ஓர் அத்தியாயத்தில் உறுதியான முடிவுகளாகவே முன்வைத்திருந்தார். பிற ஆய்வாளர்கள் அத்தகைய சோதனைகளில் சிலவற்றைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. மிகக் குறைவான பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தாம் அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017இல் அவர் வெளிப்படையாக எழுதினார். அவர் மீதான என் மதிப்பு அதனால் உயர்ந்தது. ஆனால் ஆசிரியர் பின்வாங்கியதை ஏற்கெனவே அச்சாகிவிட்ட பக்கங்கள் சொல்லப்போவதில்லை. ஆகவே நூல் முதலில் வெளிவந்த ஆண்டைப் பதிப்பு விவரப் பக்கத்தில் பார்த்துவிட்டு, அதற்குப் பின் அந்தப் பொருளில் என்ன நடந்தது என்று தேடுவதையும் தேர்வின் பகுதியாகவே வைத்திருக்கிறேன். உளவியல், உணவு, மருத்துவம் ஆகியவற்றில் இது கட்டாயம்.

வரலாற்று நூல்களில் சிக்கல் வேறு விதமானது. மூலம் உண்மையாகவே இருக்கும். அதைப் படித்த விதம் பிழையாக இருக்கும். 2019இல், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தண்டனைகள் பற்றி ஒரு புகழ்பெற்ற எழுத்தாளர் எழுதிய நூலைக் குறித்து பிபிசி வானொலியில் ஒரு நேர்காணல் நடந்தது. நீதிமன்றப் பதிவேடுகளில் ‘மரணம் பதிவு செய்யப்பட்டது’ என்று இருந்த இடங்களை, தண்டனை நிறைவேற்றப்பட்டதாக அவர் பொருள்கொண்டிருந்தார். உண்மையில், 1823ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, மரண தண்டனையை வாய்விட்டு அறிவிக்காமல் பதிவேட்டில் மட்டும் எழுதிவைக்க நீதிபதிகளுக்கு அனுமதி இருந்தது. அப்படிப் பதிவானவர்கள் பொதுவாகத் தூக்கிலிடப்படவில்லை. நேர்காணல் செய்தவர் இதை ஒலிபரப்பிலேயே சுட்டிக்காட்டினார். அமெரிக்கப் பதிப்பாளர் பின்னர் அந்நூலை வெளியிடும் முடிவையே கைவிட்டார். நம்மைப் போன்ற பொது வாசகர் எவரும் இந்தப் பிழையைத் தாமாகக் கண்டிருக்க முடியாது. அதனால்தான், அதே காலகட்டத்தில், அதே வகை ஆவணங்களில் உழைத்தவர் எழுதிய மதிப்புரையைத் தேடிப் படிக்கச் சொல்கிறேன். பெரும்பகுதியைப் பாராட்டி, இரண்டொரு இடங்களில் கறாராக மறுக்கும் மதிப்புரை கிடைத்தால் அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. பின்னட்டையில் இருக்கும் பாராட்டு வரிகளை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. அவை நூலை விற்பதற்காகப் பதிப்பகம் கேட்டு வாங்கியவை.

பலருக்கு வியப்பாக இருக்கும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய பதிப்பகம் வெளியிட்டால் உள்ளே இருக்கும் தகவல்களை யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலான பதிப்பகங்கள் அப்படிச் செய்வதில்லை. நடையையும் எழுத்துப் பிழையையும் பார்ப்பார்கள், வழக்கு வரக்கூடிய பகுதிகளைச் சட்டம் தெரிந்தவர்களிடம் காட்டுவார்கள். தகவல் சரியாக இருப்பதற்கான பொறுப்பு ஒப்பந்தப்படி ஆசிரியருடையது. அக்கறையுள்ள ஆசிரியர்கள் தங்கள் சொந்தச் செலவில் சரிபார்ப்பவரை அமர்த்திக்கொள்கிறார்கள். நன்றியுரையில் அப்படி ஒருவர் குறிப்பிடப்பட்டிருந்தால் அது நல்ல அறிகுறி.

நூலைக் கையில் வைத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் நான் செய்வது மிக எளிது. முதலில் கடைசிப் பக்கங்களைத் திறக்கிறேன்: பின்குறிப்புகள், துணைநூற்பட்டியல், சொல்லடைவு இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். மொழிபெயர்ப்பு நூல்களில் பக்கத்தைக் குறைப்பதற்காகக் குறிப்புகளை நீக்கிவிடுவது உண்டு என்பதால், அவை இல்லை என்றால் மூல நூலைப் பார்க்காமல் ஆசிரியரைக் குறை சொல்வதில்லை. அடுத்து, எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஏதாவது ஒரு செய்தியை அவர் எங்காவது தொட்டிருக்கிறாரா என்று சொல்லடைவில் தேடி, அந்தப் பக்கத்தைப் படிக்கிறேன். நான் வேலை செய்யும் துறையைப் பற்றி அவர் எழுதிய இரண்டு பத்திகளே போதும், தெரியாதவற்றை அவர் எப்படி எழுதியிருப்பார் என்று ஊகித்துவிடலாம். கடைசியாக, நூல் எந்தப் பிரச்சினையைப் பற்றிப் பேசுகிறதோ அதற்கான மாத்திரையையோ பயிற்சி வகுப்பையோ ஆசிரியரே விற்கிறாரா என்று இணையத்தில் பார்க்கிறேன். விற்றால் அவர் சொல்வது பொய் என்று ஆகிவிடாது. சான்று இன்னும் வலுவாக இருக்க வேண்டும் என்று நான் கேட்பேன், அவ்வளவுதான்.

தன்வரலாறுகளுக்கு இவற்றில் பெரும்பாலானவை பொருந்தாது. நினைவு பிசகும் என்பதை அறிந்தே அவற்றைப் படிக்கிறோம். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் மேற்கோள் குறிக்குள் தருகிறவர், அவற்றை எங்கிருந்து எடுத்தார் என்று ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்பது மட்டுமே நான் எதிர்பார்ப்பது.

என்னை ஏமாற்றிய அந்தப் பழக்க நூலை நான் தூக்கி எறியவில்லை. ஏற்கெனவே நாள்தோறும் செய்யும் ஒரு செயலோடு புதிய செயலை இணைத்துவிடுவது பற்றிய அத்தியாயத்தின் மூன்று குறிப்புகளைப் பின்னர் தேடிப் பார்த்தேன். மூன்றும் நேராக மூல ஆய்வுகளுக்கே போயின, அவை சொல்லாத எதையும் நூலும் சொல்லவில்லை. அந்த அத்தியாயத்தை இன்றும் பயன்படுத்துகிறேன். 21 நாட்களைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில், 66 என்றும் அதன் கீழே 18–254 என்றும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நூலை யாருக்காவது கொடுக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டே கொடுக்கிறேன்.