சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்

பழைய கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புரோக்கர் ஒருவர் 2019 மாடல் பெட்ரோல் கார் காட்டினார். ஒரே ஓனர், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார். பெயின்ட் பளபளக்கிறது, சீட் கவர் புதுசு, விலையும் மற்ற இடங்களைவிட எழுபதாயிரம் குறைவு. உள்ளே சென்ட் வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கல். வாங்கலாமா? – மேடவாக்கம் வாசகர்

பதில்: சென்ட் வாசனை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. எழுபதாயிரத்தைச் சும்மா விட்டுக்கொடுக்க புரோக்கர் என்ன உங்கள் தாய்மாமனா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் பக்கத்துப் பள்ளிக்கரணையிலேயே கார்கள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் நின்ற வண்டிகள் எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடுவதில்லை; கழுவி, காயவைத்து, நாற்றம் தெரியாமலிருக்க சென்ட் அடித்து, பாலிஷ் போட்டுக் கை மாறுவதும் உண்டு.

முதல் வேலையாக, முன் சீட் பெல்ட்டை நிதானமாகக் கடைசி வரை இழுங்கள். தினமும் வெளியே வரும் நீளத்தைக் கழுவியிருப்பார்கள், சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்று நிறத்தில் ஒரு கோடோ, திட்டுத் திட்டாகக் கறையோ தெரிந்தால் "நன்றி அண்ணே" என்று இறங்கிவிடலாம். அது சுத்தமாக இருந்தாலும் விடாதீர்கள்: சீட்டுக்கு அடியில் அது நகரும் கம்பியில் துரு இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அந்தக் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா, கால்மிதிக்குக் கீழே இருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கினால் முடை நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காரின் இன்ஜினைக்கூடச் சரிசெய்துவிடலாம், ஒயரிங்தான் தலைவலி. கனெக்டர்களுக்குள் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒருநாள் ஏர்பேக் விளக்கு எரியும், மறுநாள் கண்ணாடி இறங்காது, எந்த மெக்கானிக்காலும் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

38,000 உண்மையா என்பதற்கு மீட்டரை நம்பாதீர்கள், அதைத் திருப்புவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பழைய சர்வீஸ் பில்களைக் கேளுங்கள், ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் இருக்கும். பில் தொலைந்துவிட்டது என்றால் ஓனரையே கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அழைத்துப் போய் ஹிஸ்டரி எடுக்கச் சொல்லுங்கள். டயரையும் படியுங்கள்: பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. நாலு டயருமே 2022-ல் தயாரானவை என்று காட்டினால், இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு அதற்குள் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கலாம், தப்பில்லை. அப்புறம் பழைய இன்சூரன்ஸ் பாலிசி. ஐந்து வருடம் கிளெய்மே எடுக்காதவருக்கு நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 50 சதவீதம் வரை போகும். இதில் பூஜ்யம் என்றிருந்தால் எதற்குக் கிளெய்ம் எடுத்தார் என்று விசாரியுங்கள். அந்த போனஸ் ஆளுக்கு உரியது, காரோடு சேர்ந்து உங்களுக்கு வராது.

இன்னொன்று, பகலில் போங்கள். என் முதல் காரை மாலை ஏழு மணிக்கு, தூறலில், ஒரு டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் இரண்டு கதவு ஒரு வெள்ளை, மற்ற இரண்டு வேறு வெள்ளை. தட்டிப் பார்த்தால் உள்ளே விரல் கனத்துக்கு, நசுங்கலை மறைக்கப் பூசும் பட்டி.

கேள்வி: காரை விற்று எட்டு மாதம் ஆகிறது. வாங்கியவர் இன்னும் பெயர் மாற்றவில்லை, ஓவர் ஸ்பீடு சலான் என் போனுக்கு வருகிறது. என்ன செய்வது? – திண்டுக்கல் வாசகி

பதில்: சலான் சின்ன விஷயம், கட்டிவிட்டுப் போகலாம். பயப்பட வேண்டியது விபத்துக்கு. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த ஆள் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டு எங்காவது இடித்தால் வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம், அதனால் வந்த வினை இது. இப்போதாவது வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட்டு, வாங்கியவரின் அடையாள அட்டை நகல், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் வைத்து ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவர் போனையே எடுக்கவில்லை என்றால் போலீஸில் ஒரு புகார் கொடுத்துவைப்பது நல்லது.

கேள்வி: ரேடியேட்டரில் தண்ணீரே ஊற்றலாம், கூலன்ட் தேவையில்லை என்கிறார் மெக்கானிக். – தூத்துக்குடி வாசகர்

பதில்: நடுவழியில் வேறு வழியில்லாமல் ஊற்றினால் சரி, அதையே வழக்கமாக்காதீர்கள். உங்கள் ஊர் உப்புத் தண்ணீர் உள்ளே என்ன செய்யும் என்பது உங்கள் வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். கூலன்ட் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் எங்கே போகிறது என்று தேடுங்கள். கீழே சொட்டும் இல்லை, ஆயில் மூடியின் உள்பக்கம் பால்காபி நிறத்தில் பிசுபிசுப்பு என்றால் இன்ஜினில் ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதோடு ஓட்டாமல் வண்டியை ஷெட்டுக்கு இழுத்துப் போங்கள்.

கேள்வி: மாதத்துக்கு இரண்டு முறைதான் காரை எடுக்கிறேன். ஓடாத வண்டிக்கு சர்வீஸ் எதற்கு? – கும்பகோணம் வாசகர்

பதில்: ஓடாவிட்டாலும் ஆயிலுக்கு வயதாகும். கிலோமீட்டரோ வருடமோ, எது முதலில் வருகிறதோ அதில் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டினால்தான் பேட்டரிக்கு உயிர் வரும், நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதில் பிரயோஜனமில்லை. எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள், நிற்கிற காரில் எலி கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். புகையிலை கட்டிவை என்பார்கள், நானும் கட்டினேன். எலி புகையிலையைத் தள்ளிவைத்துவிட்டு ஒயரைக் கடித்திருந்தது.