சேக்காளி சகவாசமும் பிள்ளை மனசும்: கேள்வி பதில்

பாம்பன், ஒரு அம்மா: எட்டாவது படிக்கிற மகன் வீட்டில் இருக்கிற இடம் தெரியாது. சேக்காளிகளோடு சேர்ந்தால் வல்லத்துக்கு வல்லம் தாவுகிறான், ஆழத்தில் குதிக்கிறான். சகவாசத்தையே வெட்டிவிடட்டுமா?

வெட்டாதீங்க அக்கா. வெட்டினால் ஒளிந்து சேருவான், இப்போது உங்கள் காதுக்கு வருவதும் வராது. 2005-இல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் பல வயதுக்காரர்களைக் கணினியில் கார் ஓட்ட வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் சேக்காளிகள் நின்றபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட ரொம்பவே துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ‘பலே’ வாங்குகிற ஆசை இந்த வயதில் உச்சத்தில் இருக்கும். அதை நிறுத்திப் பிடிக்கிற முன்மூளை முழுசாக முதிர 25 வயது நெருங்கும். ஆக, வீட்டில் அடக்கமாக இருப்பது நடிப்பில்லை.

செய்ய வேண்டியது, இடத்தை மாற்றுவது. பள்ளி விட்டதிலிருந்து பொழுது சாய்வது வரை பெரியவர் கண் படுகிற மைதானத்திலோ உங்கள் முற்றத்திலோ ஆடட்டும். சேக்காளிகளுக்கும் சேர்த்து டீ போடுங்கள். இன்னொன்று, பதிலை முன்கூட்டியே வாயில் ஏற்றுவது: “யாராவது குதிடான்னு சொன்னா, ‘எங்கம்மா தோலை உரிச்சிரும்டா’ன்னு சொல்லிட்டுக் கரைப்பக்கம் நடந்துருவேன்.” பழி உங்கள் மேல் விழட்டும், அவன் மானம் தப்பும். மூன்று நான்கு தடவை சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். “கவனமா இரு” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்த நேரத்தில் எதுவும் நினைவுக்கு வராது.

தங்கச்சிமடம், விசைப்படகுத் தொழிலாளி: மீன்பிடித் தடைக்காலத்தில் நான் வீட்டில் இருக்கிறேன். 13 வயது மகன் தொட்டதற்கெல்லாம் சீறுகிறான்.

அண்ணே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கையில் காசில்லை, பள்ளியும் பெரும்பாலும் லீவு, திடீரென்று வீட்டில் இரண்டு அதிகாரம். அம்மா வைத்த சட்டத்தை மாற்றாதீங்க. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இருவரும் பேசி ஒரே குரலில் சொல்லுங்கள்.

கோபத்துக்கு மூச்சுப் பயிற்சி உதவும். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும், இரண்டு நிமிடம். ஆனால் இதைச் சண்டை நடுவில் சொல்லிக் கொடுக்கக் கூடாது, எரிச்சல்தான் ஏறும். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். சீறினால் ஆளுக்கொரு பக்கம் விலகி, அரை மணி கழித்துப் பேசுங்கள். எதிரே உட்கார வைத்து விசாரிப்பதைவிட, வலை பொத்தும்போது பக்கத்தில் இருத்திக் கேட்டால் வாய் திறப்பான்.

கீழக்கரை, 14 வயது மாணவி: நானும் தோழியும் ராத்திரி மணிக்கணக்கில் மனக்கஷ்டத்தையே பேசுகிறோம். பேசப் பேசக் கனம் கூடுகிறது. வாப்பா போனைப் பிடுங்கிவிடுவார்களோ?

நட்பில் கோளாறு இல்லைம்மா, பேச்சு ஒரே இடத்தில் சுற்றுவதுதான் கோளாறு. அமாண்டா ரோஸ் 2002-இல் இதை ஆராய்ந்து எழுதினார்: இப்படிப் பேசுகிறவர்களுக்கு நெருக்கமும் கூடும், சோர்வும் பதற்றமும் கூடும். 20 நிமிடம் கொட்டுங்கள். பிறகு “நாளைக்கு என்ன செய்யலாம்?” என்று ஒன்றே ஒன்றை முடிவு செய்துவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். ஒன்பதரைக்குப் போனை நீயாகவே உம்மாவிடம் கொடுத்துவிடு, பிடுங்குகிற பேச்சே எழாது. உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது குறைந்தால் சின்ன விஷயமும் பூதமாகத் தெரியும்.

அவள் “செத்துப் போயிடலாம்” என்று சொன்னால் மட்டும் ரகசியம் காக்காதே. கோபித்துக்கொண்டாலும் அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல். மனநல உதவிக்கு 14416, பிள்ளைகள் உதவிக்கு 1098, இரண்டும் இலவச எண்கள்.

தொண்டி, ஆசிரியர்: மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்த பிள்ளைதான் முன்னேறும் என்கிறார்களே, சுயக்கட்டுப்பாடு பிறவிக்குணமா?

இல்லை சார். ‘உடனே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவோம்’ என்று பிள்ளைகள் முன்னால் மிட்டாயை வைத்துப் பார்த்த அந்தச் சோதனையை 2018-இல் அதிகப் பிள்ளைகளை வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் பழைய தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. நாளை கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளை இன்றைக்கே தின்பதில் தப்பென்ன? நியூசிலாந்தின் டனீடனில் 1972–73-இல் பிறந்த சுமார் 1,000 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், வளரும்போது கட்டுப்பாடு கூடிய பிள்ளைகள் பிற்பாடு உடம்பிலும் பணத்திலும் மேலாகவே இருந்தார்கள். பழக்க முடியும் என்றுதான் அர்த்தம்.

ஏர்வாடி, ஒரு அம்மா: மகளுக்கு ஒரே ஒரு தோழிதான். போதுமா?

போதும். அந்த ஒருத்தி “அவளோட பேசினா உன்கூட டூ” என்று மிரட்டுகிறவளாக இருந்தால்தான் யோசிக்கணும். சாப்பாடு, தூக்கம், பள்ளி மூன்றும் இரண்டு வாரமாகக் குலைந்திருந்தால் தோழிக் கணக்கை விட்டுவிட்டு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.