காற்று எந்த வழியாகப் போகிறது?

கேள்வி: என் மவுண்டன் பைக்கின் 29 அங்குலச் சக்கரங்களில் டியூபை எடுத்துவிட்டு, ரிம்மின் உட்புறத்தில் கம்பித் துளைகளை மூடும் ரிம் டேப் ஒட்டி, வால்வு பொருத்தி, டியூப்லெஸ் டயர்களை மாட்டினேன். முன்சக்கரம் காற்றுப் பிடித்தாலும் விடிவதற்குள் இறங்கிவிடுகிறது. பின்சக்கரத்திலோ எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்பதே இல்லை. சீலன்டைக் கூடுதலாக ஊற்றினால் சரியாகுமா?

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள். சீலன்ட் என்பது டயருக்குள் ஊற்றும் திரவம்; முள் குத்திய சிறு துளைகளையும் டயர் ரப்பரின் நுண்ணிய கசிவுகளையும் அடைப்பதற்கானது. சரியாக ஒட்டாத டேப்பை அது ஈடுகட்டாது. உங்கள் இரு சக்கரங்களுக்கும் இருப்பது வேறு வேறு குறை. இரண்டுக்கும் முன்பாக, ரிம்மும் டயரும் டியூப்லெஸ் முறைக்கென்றே செய்யப்பட்டவைதாமா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முன்சக்கரத்தில் காற்றை நிரப்பி, டயர் விளிம்பு, வால்வின் அடி, ஸ்போக்ஸ் கம்பிகள் ரிம்மில் நுழையும் இடங்கள் ஆகியவற்றில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். ஒரு கம்பியின் அடியில் சிறு குமிழிகள் கிளம்பினால், டேப் அந்த இடத்தில்தான் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. டேப்பின் ஏதோ ஓர் இடுக்கில் நுழைந்த காற்று, ரிம்மின் உள்கூட்டில் பரவி, கிடைத்த துளை வழியே வெளியேறுகிறது. பெரும்பாலும் குற்றவாளி வால்வுத் துளையாகவே இருக்கும். கத்தியால் கீறிய டேப் அழுத்தத்தில் மேலும் கிழியும் என்பதால், கூரான ஊசியால் சிறு துளையிட்டு, வால்வை அதன் வழியே இறுக்கமாகச் செலுத்துவதே நல்லது. டேப்பை மாற்றுவதானால் ரிம்மை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பிசுக்கறத் துடைத்து, உட்புறத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை மூடும் அகலமுள்ள டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்தபடி ஒட்டி, முனைகள் 10 செ.மீ. அளவுக்கேனும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு முடியுங்கள். வால்வின் திருகை விரலால் இறுக்கினால் போதும். குறடு வேண்டாம், வழியில் கழற்ற நேரலாம்.

பின்சக்கரத்தில், உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று அதிகம். முதலில் டியூபை வைத்துக் காற்றடித்து ஓரிரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ஒரு பக்க விளிம்பை மட்டும் விடுவித்து டியூபை உருவினால், மறுபக்கம் ரிம்மில் அமர்ந்தபடியே இருக்கும். அடைக்க வேண்டியது பாதியாகக் குறையும். டியூப்லெஸ் வால்வை மாட்டி, விடுவித்த விளிம்பை ரிம்முக்குள் திரும்ப ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்ளூசியை (காற்று வழியைத் திறந்து மூடும் நடுப்பகுதியை)க் கழற்றிவிட்டு வேகமாக அடியுங்கள். ரிம்மிலும் டயரிலும் குறித்துள்ள உச்ச அழுத்தங்களில் குறைவானதை ஒருபோதும் தாண்ட வேண்டாம். ‘டப், டப்’ என்று விளிம்பு ஏறி அமரும் ஓசை கேட்ட பிறகும், டயரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தொலைவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதன்பின் சக்கரத்துக்குச் சுமார் 100 மி.லி. சீலன்ட் விட்டு, சுழற்றி, இரு பக்கமும் மாறிமாறிப் படுக்க வையுங்கள். அது உலர்ந்துபோகும் பொருள். இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பயணத்தில் ஒரு டியூபைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அதை மாட்ட நேர்ந்தால் முதலில் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவி முட்களைப் பிடுங்கிவிடுங்கள். சீலன்ட் இதுவரை அடைத்து வைத்திருந்த முட்களெல்லாம் அங்கேயேதான் இருக்கும்.