பி.எஸ்சி. லேபுக்குக் கையடக்க ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்கலாமா, பழசே போதுமா?

வாங்குங்கள். ஆனால் பழசைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நான் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அலைநீளம் அளக்கும் கருவிதான் ஸ்பெக்ட்ரோமீட்டர். பழசில் என்றால், இருட்டறையில் சோடியம் விளக்கு சூடேறக் காத்திருந்து, டெலஸ்கோப்பைத் திருப்பி, லென்ஸை வைத்து வெர்னியர் படிப்பதற்குள் மூன்று மணி நேரப் பிராக்டிகல் முடிந்துவிடும். யுஎஸ்பி கருவியோ உள்ளங்கையில் அடங்குகிறது. ஆப்டிகல் ஃபைபரை வெளிச்சத்துக்கு நேரே நீட்டினால் போதும், லேப்டாப் திரையில் முழு நிறமாலையும் வந்துவிடும்.

சிக்கலும் அதில்தான். வாங்கிய புதிதில் ஃபைபரைக் கூரையிலிருந்த டியூப்லைட்டுக்குக் காட்டச் சொன்னேன். டியூப்லைட்டுக்குள் இருக்கும் பாதரசத்தின் பச்சைக் கோடு 546.1 நானோமீட்டரில் விழ வேண்டும்; திரையில் 549. ஏன் என்று கேட்டேன். "டியூப்லைட் பழசு சார்" என்றாள் ஒரு மாணவி. கருவி தப்பாகக் காட்டும் என்று வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து எங்கள் லேபில் முதல் வேலை, 435.8, 546.1 இரண்டு கோடுகளும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான். (கட்டடம் முழுக்க எல்இடி மாட்டியபோது அந்த ஒரு டியூப்லைட்டை மட்டும் கெஞ்சிக் காப்பாற்றினேன்.)

அப்புறம் சோடியம். 589.0, 589.6 என்று இரட்டைக் கோடு. எங்கள் யுஎஸ்பி கருவியின் பிரிதிறன் (பக்கத்துப் பக்கத்துக் கோடுகளைத் தனித்தனியாகக் காட்டும் திறன்) 1.5 நானோமீட்டர் அளவுதான் என்பதால், இரண்டும் ஒட்டி ஒரே மேடாகத் தெரியும். அந்த மேட்டை வரைந்துகொள்ளச் சொல்லிவிட்டு, பிறகு பழைய கருவி இருக்கும் இருட்டறைக்கு அனுப்புவேன். கீற்றணியில் (ஒளியைப் பிரிக்கும் நெருக்கமான கோடுகள் கொண்ட தகடு, கிரேட்டிங்) நிறங்கள் இன்னும் அகலமாக விரியும் இரண்டாம் வரிசையைப் பார்த்து, "சார், ரெண்டா இருக்கு!" என்று சத்தம் வரும். வைவாவில் பிரிதிறன் பற்றிக் கேட்டால் இப்போது யாரும் முழிப்பதில்லை.

புதுக் கருவிக்குக் கொடுத்த காசு உட்கவர்தல் சோதனையில்தான் (ஒரு கரைசல் எந்த நிற ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பது) திரும்பி வருகிறது. முருங்கைக்கீரையை அசிட்டோனில் அரைத்து வடிகட்டிக் குவெட்டில் (ஒளி ஊடுருவும் சின்னக் குப்பி) ஊற்றினால் 430, 663 நானோமீட்டர் அருகே இரண்டு மேடுகள். நடுவில் பச்சை மட்டும் தப்பித்துப் போகும் பள்ளம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஐந்து செறிவுகளில் கரைத்து 525இல் அளந்தால் பீர்–லாம்பர்ட் நேர்கோடு (செறிவு கூடும் அளவுக்கு உட்கவர்தலும் கூடும் என்ற விதி) அரை மணியில் கிடைக்கும். கரைசல் ரொம்ப அடர்த்தியானால் கோடு வளையும். விதியைத் திட்டாதீர்கள், கருவிக்குள் சிதறும் ஒளிதான் முதல் சந்தேகம்.

காசே இல்லையா? பழைய டிவிடியைப் பிரித்தால் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் கீற்றணி தயார். அட்டைப்பெட்டி, ஒளி நுழையும் மெல்லிய பிளவுக்கு இரண்டு பிளேடு, செல்போன் கேமரா. கோடு எங்கே இருக்கிறது என்பதற்கு அதை நம்பலாம். எவ்வளவு பிரகாசம் என்பதற்கு நம்பாதீர்கள், கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துவிடும்.