யவீருவும் வழியில் காத்திருந்தார், சகோதரி

அன்பு சகோதரி, மறதி நோயுள்ள மாமனார் காலையில் வீட்டுச் சாவியை ஒளித்து வைத்துவிடுகிறார், தேடுவதற்குள் பஸ் போய்விடுகிறது, ஜெபக்குழுவிலோ "இதிலும் தேவ சித்தம் இருக்கிறது" என்கிறார்கள், எனக்கு எரிச்சல்தான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். எரிச்சல் வருவதற்காக உங்களை நீங்களே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

வேதாகமத்தில் மாற்கு 5-ஆம் அதிகாரத்தை, ஜெப ஆலயத் தலைவனான யவீருவின் பக்கம் நின்று வாசித்துப் பாருங்கள். 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசுவை அழைத்துப் போகிற வழியில், 12 வருஷமாகப் பெரும்பாட்டினால், அதாவது நிற்காத இரத்தப்போக்கினால், கஷ்டப்பட்ட ஒரு பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள், குணமாகிறாள். இயேசு நின்றுவிடுகிறார். என்னைத் தொட்டது யார் என்கிறார், அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். அதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது: மகள் இறந்துவிட்டாள். அந்த நிமிஷம் யவீருவிடம் இயேசு காரணம் எதுவும் விளக்கவில்லை. பயப்படாதே, விசுவாசமாயிரு என்று மட்டும் சொல்லி, கூடவே வீடுவரை நடந்தார்.

அதனால் தினமும் காலையில் காரணம் கண்டுபிடிக்கும் பாரம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் யவீருவுக்குத் தாமதமாக இருந்தது அந்தப் பெண்ணுக்கு விடுதலை. உங்கள் தாமதத்தில் நிற்கிற அந்த ஆள் மாமாவாக இருக்கலாம்.

அப்புறம், இந்த நோயில் பொருளை ஒளிப்பது சகஜம், வேண்டுமென்று செய்வதில்லை. பழைய சாவிக்கொத்து ஒன்றை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். உங்கள் சாவிக்கு இன்னொன்று போட்டு ஹேண்ட்பேக்கில் வையுங்கள். பகலில் அவரோடு யார் இருக்கிறார்கள்? தனியாக விட்டுப் பூட்டிவிட்டுப் போவதாக இருந்தால், சொல்லுங்கள், முதலில் அதைப் பேசுவோம்.